இரவல் மூக்கு

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

ஜுரம் போய்விட்டது, நான் போகவில்லை. கொழுந்தன் பதறி எழுதிய கடிதம் கிடைத்தது. அவனுக்கு என் மேல் இவ்வளவு பிரியம் என்று தெரிந்திருந்தால் முன்பே ஒருமுறை படுத்திருப்பேன். நீங்கள் இருவரும் சுகம்தானே? மூன்று மாடி ஏறி இறங்கி உன் இடுப்பு என்ன கதியில் இருக்கிறது? ஊரில் உள்ள லிப்டை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் குடியிருக்கும் வீட்டில் லிப்ட் கிடையாது என்று யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நாம் கட்டிக்கொண்டு வந்த அண்ணன் தம்பி லட்சணம் அப்படி. அண்ணன் பஸ்ஸில் நேராகப் போகிறார், தம்பி லிப்டில் மேலே போகிறான், இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வருவதில்லை.

சோப்புத் தொழிற்சாலையில் நான் வாசனை அறையை விட்டு பேக்கிங் பிரிவுக்கு மாறிவிட்டேன். முழங்கால்தான் காரணம். அங்கே நிற்க வேண்டும், இங்கே உட்காரலாம். ஒவ்வொரு கொப்பரையிலும் காய்ச்சிய சோப்பை முகர்ந்து, 'போகலாம்' என்று சொல்லி அனுப்பிய மூக்கு கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். ஆனாலும் எல்லாரும் இன்னும் 'மூக்கக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் எலுமிச்சைப் புதினா. நான் படுத்திருந்தபோது உன் அத்தான்தான் தண்ணீர் ஊற்றினார். ஸ்டியரிங் பிடிக்கிற கையில் செடி பிழைக்குமா என்று பயந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பாதியாக அறுத்து வைத்த அந்த நீல டிரம் நிரம்பி வழிகிறது. இவ்வளவு அடர்த்தியாக அது ஒரு நாளும் இருந்ததில்லை. இப்படி ஒரு செடி இந்த ஊரில் வேறு எவளிடம் இருக்கிறது, சொல். அடுத்த வீட்டு ரோஜாக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக இறங்கிப் போனார்.

நிழலில் உலர்த்திய இலை ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். கொதிக்க வைத்துத் தொலைக்காதே. கொதித்த தண்ணீரை இறக்கி, இலையைப் போட்டு, உடனே மூடு. மூடாவிட்டால் வாசம் கூரைக்குப் போகும், உனக்கு வெந்நீர்தான் மிஞ்சும். எப்படி இருந்தது என்று விவரமாக எழுது. முதலில் என்ன வாசம் வருகிறது, அதன் பின்னால் என்ன வருகிறது, எல்லாம் வேண்டும். 'நன்றாக இருந்தது' என்று ஒற்றை வரியில் நழுவாதே.

போன வருடம் நான் ஒடித்துக் கொடுத்த தண்டு உன் பால்கனியில் உயிரோடு இருக்கிறதா, கொன்றுவிட்டாயா?

கொழுந்தனுக்கு என் அன்பு.

உன் ஓரகத்தி,
பெரியவள்


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுந்து நடமாடுகிறீர்கள் என்று படித்ததும்தான் எங்களுக்குச் சோறு இறங்கியது. இங்கே இருவரும் நலம். இடுப்பு இருக்கிறது, அது இருப்பதை அடிக்கடி எனக்கு ஞாபகப்படுத்துகிறது.

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை ஆர்டர் குவிந்துவிட்டது. நான் காலர் மட்டும் தைப்பவள் என்றுதான் பெயர், இப்போது கனவிலும் காலர்தான் வருகிறது. சட்டை வருவதில்லை.

பொட்டலம் வந்தது. இலை உடையாமல் நல்ல பச்சையாக இருந்தது. நீங்கள் சொன்னபடியே மூடி வைத்து, மத்தியானம் கூடத்துக்கு எடுத்துப் போய் எல்லோருக்கும் கொடுத்தேன். மூடியைத் திறந்ததும் எலுமிச்சை வாசம் கூடம் முழுக்கப் பரவியது. மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கைக்கு நிகர் இல்லை அக்கா.

உங்களுக்கு ஜுரம் முழுதாக விட்டுவிட்டதா? ஜலதோஷம், மூக்கடைப்பு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? டாக்டரிடம் திரும்பப் போனீர்களா? என் பால்கனிச் செடி நன்றாக இருக்கிறது. அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சின்னவள்


மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், நான் கொஞ்சம் கூடுதல் சௌக்கியம். உன் கடிதத்தை உன் அத்தானுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன். மனிதர் ஏனோ எழுந்து போய் ஏற்கெனவே கழுவின டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு மூக்கடைப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டர் வீட்டு வாசலை மிதிக்கிற வேலையே வேண்டாம்.

இப்போது கேள். செப்டம்பரில் நகரப் பூங்காவில் செடிக் கண்காட்சி நடக்கிறது. வாசனைச் செடிகள் என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. வருடா வருடம் ரோஜாக்காரர்தான் அதில் பரிசு வாங்கி, அந்தக் கோப்பையை ஜன்னலில் தெருவைப் பார்த்து வைப்பார். இந்தத் தடவை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உங்க புதினாவையும் கொண்டு வர வேண்டியதுதானே, கண்காட்சியில டீக்கடை போட்டிருக்காங்களாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அப்போதே கிளம்பிப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பேக்கிங் பிரிவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. மூக்கக்கா போட்டி போடுகிறாள் என்றால் சும்மாவா? மேனேஜர்கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீ எழுதியதை மட்டும் நான் நம்பியிருக்காவிட்டால் இந்தத் தைரியம் எனக்கு வந்திருக்காது, அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கொழுந்தனை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

பெரியவள்


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். வீட்டு முகவரிக்கு எழுதாமல் பஸ் டிப்போவுக்கு எழுதுகிறேன், காரணம் படித்தால் புரியும். நீங்களும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு இந்தக் கடிதம் தெரியும்.

அக்கா ஜனவரியில் அனுப்பிய பொட்டலத்தில் இருந்தது எலுமிச்சைப் புதினா இல்லை. சமையலுக்குப் போடுகிற சாதாரணப் புதினா. கசக்கிப் பார்த்தேன், வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், உங்கள் தம்பி மூக்கிலும் வைத்துப் பார்த்தேன். எலுமிச்சை துளிகூட இல்லை. என் பால்கனிச் செடியில் ஒரு இலையைக் கிள்ளினாலே விரலில் மத்தியானம் வரைக்கும் நிற்கிறது, அதுவும் அக்கா கொடுத்ததுதான்.

கடைக்காரர் இரண்டு சோப்பை மாற்றி வைத்தால் வாசலில் நின்றபடியே சொல்கிறவர் அக்கா. அவர் கையால் உலர்த்தி, பொட்டலம் கட்டி, இதை எப்படி அனுப்பினார்? என்ன எழுதுவது என்று தெரியாமல் பல நாள் கடிதத்தைத் தொடாமலே இருந்தேன். கடைசியில், ஜுரத்திலிருந்து எழுந்தவர் மனது நோகக் கூடாது என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். அந்தப் பொய்யை நம்பி அவர் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். ஊரே பார்க்க அவர் தலைகுனிந்து நின்றால் அது என்னால்தான்.

டிரம்மில் என்ன நடந்தது? அக்காவுக்கு என்ன ஆயிற்று?

மரியாதையுடன்,
சின்னவள்


ஏப்ரல் 15

தம்பி வீட்டம்மாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, டிரிப் ஷீட் எழுதித்தான் பழக்கம்.

தப்பு என் மேல். அவள் ஜுரத்தில் கிடந்தபோது நான்தான் சமைத்தேன். கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டு, தண்டை எறிய மனசு வராமல் அந்த டிரம்மில் ஊன்றினேன். புதினாவோடு புதினா சேர்ந்தால் கூட்டம் பெருகும் என்று நினைத்தேன். பெருகியது. ஓரமாக உட்கார இடம் கேட்டவன் முழு ஸீட்டையும் பிடித்துக்கொண்ட கதை ஆகிவிட்டது. அவள் செடியில் ஒரு கிளைகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை.

இன்னொன்று. போன மாதம் அடுப்பில் பால் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் இருந்து, "பால் தீயுது, தெரியலையா?" என்றேன். "ஓ, தீயுதா" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு வாசமே தெரியவில்லை அம்மா. ஜுரம் வந்ததிலிருந்து இப்படித்தான் என்று நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

ஒரு பஸ் ஜனத்தை மலைப்பாதையில் ஏற்றி இறக்குகிறவன் நான். அவளிடம் போய் 'உன் செடி போச்சு, உன் மூக்கும் போச்சு' என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உங்கள் செடியை எப்படியாவது இங்கே அனுப்பி வையுங்கள். மற்றதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான்


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் தேவலையா? நாங்கள் நலம்.

ஒரு உதவி வேண்டும். நாங்கள் வீடு மாறப் போகிறோம். புது வீட்டில் பால்கனி கிடையாது, ஜன்னல் சுவரைப் பார்த்துத் திறக்கிறது. என் எலுமிச்சைப் புதினாவை எங்கே வைப்பேன்? உங்களிடம் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. உங்கள் ஊருக்கு வரும் லிப்ட் கம்பெனி வேனில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வேர் பிடித்த தொட்டி ஒன்று, அதோடு வெட்டித் தண்ணீரில் வைத்த தண்டுகள் ஒரு பாட்டில்.

இதை உங்கள் டிரம்மில் சேர்க்காமல் தனியாக வைத்தால் நல்லது. என் செடி உங்கள் செடியோடு போட்டி போடும் அளவுக்கு இல்லை, நெருக்கத்தில் செத்துவிடும். ஆனால் கண்காட்சிக்கு எதையாவது கூடுதலாகக் கொண்டுபோக வேண்டுமென்றால் இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது பெருமைதான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

சின்னவள்


ஜூன் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், உன் செடியும் நலமாக வந்து சேர்ந்தது. வேன்காரர் அதற்கு சீட் பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தார்.

எப்படியோ என்னிடம் திருப்பி அனுப்பும்படி ஆகிவிட்டது பார்த்தாயா. கொடுத்த பொருளைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று நான் சொல்ல மாட்டேன், நினைத்துக்கொள்வேன். ஆனால் உன் செடியில் ஏதோ கோளாறு. தண்டு சிவந்து கிடக்கிறது. இலையில் சுருக்கமே இல்லை, மழமழவென்று பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. என் டிரம்மில் பார், தண்டு பச்சைப் பசேல், இலை நன்றாகச் சுருங்கி, விளிம்பு பல் பல்லாக, அம்சமாக இருக்கிறது. உன் மண்ணில் சத்து இல்லை. இதையா கண்காட்சிக்குக் கொண்டுபோவேன்? நல்ல வேடிக்கை. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓரமாக வைத்திருக்கிறேன். தேறினால் தேறட்டும், இல்லாவிட்டால் உரக்குழிக்குப் போகட்டும்.

ஒரு சந்தேகம், இருக்கட்டும் என்று கேட்கிறேன். உன் செடியின் வாசம் எப்படி இருக்கும் என்று நீ ஒரு நாளும் எழுதவில்லையே?

புது வீட்டு முகவரியை அனுப்பு. எந்த முகவரிக்கு எழுதுவது என்று தெரியாமல் பழையதற்கே எழுதுகிறேன்.

பெரியவள்


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உங்கள் கடிதம் பழைய முகவரிக்கே பத்திரமாக வந்தது. புது வீட்டில் வெள்ளை அடிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

உரக்குழி வேண்டாம் அக்கா, தயவுசெய்து. அந்தச் செடிக்குக் கோளாறு இல்லை. நீங்கள் போன வருடம் ஒடித்துக் கொடுத்தபோதே தண்டு சிவப்புதான், இலை வழவழப்புதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசமும் அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் மாறவில்லை.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவள்


ஜூலை 28

சின்னவளுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனது நன்றாக இல்லை, அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் இரண்டு செடியிலிருந்தும் ஒவ்வொரு கிளை ஒடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வாசனை அறையில் என் நாற்காலியில் இப்போது உட்காருகிறவரிடம் இரண்டையும் நீட்டி, எது எது என்று கேட்டேன். சிவப்புத் தண்டை முகர்ந்து, "எலுமிச்சை, நல்ல சரக்கு" என்றார். மற்றதை முகர்ந்துவிட்டு, "இது குழம்புக்கு" என்றார். வீட்டுக்கு வந்து உன் அத்தானைக் கேட்டேன். கேட்கும் முன்பே தலையைக் குனிந்துகொண்டார். டிப்போவுக்கு நீ எழுதிய கடிதம் வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது.

இனி என் பக்கம். ஆமாம், எனக்கு வாசம் தெரியாது. ஜுரம் தெளிந்து கண் விழித்த அன்று மருந்து நெடிகூட இல்லை. மறுபடி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வேலைக்குத் திரும்பிய அன்றே நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முகர முடியாத மூக்கை வைத்துக்கொண்டு ஒரு கொப்பரையைக்கூட நான் 'போகலாம்' என்று சொன்னதில்லை. அந்த விஷயத்தில் என்னை எவரும் கேள்வி கேட்க முடியாது. முழங்கால் என்பது வெளியில் சொன்ன கதை. மூக்கக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்களிடம் மூக்கு போய்விட்டது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் செடி எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டுமே. அதற்குத்தான் உனக்குப் பொட்டலம் அனுப்பினேன். விவரமாக எழுது என்று கெஞ்சினேனே, அது உன் மூக்கை இரவல் கேட்டது. உன்னைத் தேர்ந்தெடுத்ததே, நீ என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுவாய் என்றுதான். நீயோ எனக்கு ஐஸ் வைத்தாய். மெஷினை நிறுத்தினார்களாம், திரும்பிப் பார்த்தார்களாம். வாசம் தெரியாமல் போனது என் மூக்கின் குற்றம். சொல்லாமல் விட்டது உன் குற்றம். உன்மேல் எனக்கு ரொம்பக் கோபம்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் வளர்த்தும் அந்தச் செடியின் தண்டு சிவப்பு என்று எனக்குத் தெரியாமல் போனது எப்படி? முகரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். செடியை நான் பார்த்ததே இல்லை.

டிரம்மைக் கவிழ்த்துவிட்டேன். மண்ணுக்கடியில் கயிறு மாதிரி ஓடியிருந்த வேரை எல்லாம் உன் அத்தான் உட்கார்ந்து பொறுக்கினார், பொறுக்கட்டும். புது மண் போட்டு உன் செடியையும் தண்டுகளையும் நட்டிருக்கிறேன். பெயரைத் திரும்ப வாங்கப் போவதில்லை. என்ன ஆனாலும் போய் நிற்பேன்.

வெள்ளை அடித்து முடிந்ததா?

பெரியவள்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வீடு மாறவில்லை, வெள்ளையும் அடிக்கவில்லை.

உங்கள் திட்டுக்கு நான் பயந்ததில்லை. உங்கள் முகம் வாடுவதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்று இப்போது தெரிகிறது. நீங்கள் கண் தெரியாமல் பாதை கேட்டிருக்கிறீர்கள், நான் பாட்டுப் பாடியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

கண்காட்சிக்கு வர லீவு கேட்டேன், சீருடை முடியும் வரை யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஒன்று செய்திருக்கிறேன். அந்தப் போட்டியில் நடுவர் ஒவ்வொருவரையும் வாசம் எப்படி என்று சொல்லச் சொல்வாராம், உங்கள் கொழுந்தன் விசாரித்து வந்தார். என்னிடம் மிச்சம் இருக்கும் கிளையை நிதானமாக முகர்ந்து எழுதுகிறேன். இந்த முறை ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறியதும் கண்ணில் தெறிக்குமே, அந்த வாசம் முதலில் வருகிறது. அது அடங்கியதும் புதினாவின் குளிர்ச்சி, மெல்ல. கடைசியில் லேசாக ஆரஞ்சுப் பழம் மாதிரி ஒரு இனிப்பு, அது எல்லா இலையிலும் இல்லை.

இதை மனப்பாடம் செய்துகொண்டு அப்படியே சொல்லிவிடுங்கள். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ரோஜாக்காரர் வாயை மூடிக்கொண்டு போவார்.

அத்தானை மன்னித்தாகிவிட்டதா?

உங்கள்
சின்னவள்


செப்டம்பர் 24

அன்புள்ள சின்னவளுக்கு,

நான், உன் அத்தான், செடி, மூவரும் நலம். அவரை மன்னிக்கவில்லை, ஆனால் தட்டில் சோறு போடுகிறேன்.

கண்காட்சியை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் செடி. இந்த வாரங்களில் அதைக் கண்ணாலும் விரலாலும் படித்தேன். இலை மழமழப்பாக, தடிப்பாக இருந்தால் சரியான பதம். மெலிந்து மேல்நோக்கி ஓடினால் மொட்டு வைக்கப் போகிறது என்று அர்த்தம், அப்போதே வெட்டிவிட வேண்டும். ஒரு பூகூட வர விடவில்லை. மேஜையில் வைத்தபோது அந்த வரிசையிலேயே கம்பீரமாக நின்றது என் செடி. நம் செடி என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நடுவர் ஒரு அம்மாள், கல்லூரியில் செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறவராம். ஒவ்வொருவரிடமும், வாசத்தை நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டபடி வந்தார். நீ எழுதியது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ரோஜாக்காரர் பக்கத்து மேஜை. பேக்கிங் பிரிவே பின்னால் நிற்கிறது, மேனேஜரும் இருக்கிறார். அந்த அம்மாள் பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார். நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல் என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், வரவில்லை. அது உன் மூக்கு சொன்னது. என் மூக்கு சொன்னதாக அதைச் சொன்னால், முகராத கொப்பரையைப் 'போகலாம்' என்று அனுப்புவதற்குச் சமம்.

"எனக்கு வாசம் தெரியாதும்மா. ஜுரத்துல போயிடுச்சு. கண்ணாலயும் கையாலயும்தான் இதை வளர்த்தேன். வாசம் எப்படின்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்" என்றேன்.

 ரோஜாக்காரர், வாசனைப் பிரிவில் இவங்களுக்கு என்ன வேலை என்று சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, திரும்பி, "காது கேக்காத அம்மா தாலாட்டு பாடினா குழந்தை தூங்காதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ரோஜாவைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்.

நடுவர் பேனாவை மூடினார். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். நீ எழுதிய அதே வரிசை. ஆரஞ்சு வரைக்கும்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு ரோஜாக்காரருக்கு. ரோஜா நன்றாகத்தான் மணந்திருக்கும், எனக்கு என்ன தெரியும்?

பரிசு பெரிதில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். பேக்கிங் பிரிவுக்காரர்கள் வந்தார்கள். என்னை மூக்கக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டு வந்து, ஆளுக்கொரு இலையைக் கிள்ளி, முகர்ந்து, தனக்கு என்ன தோன்றுகிறது என்று சொன்னார்கள். அவர்களைப் பார்த்து முன்பின் தெரியாதவர்களும் வந்தார்கள். ஒருவர் புதிதாகக் கழுவிய கண்ணாடி டம்ளர் என்றார். ஒருத்தி, பரீட்சை முடிந்து வெளியே வந்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் நடுவில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன் சின்னவளே. வெட்கப்பட்டுச் சாவேன் என்று எந்த நிமிஷத்துக்குப் பயந்தேனோ, அந்த இடத்தில் நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றேன்.

உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. ஆனால் ஒரு வேலை கொடுக்கிறேன். இனி மாதம் ஒரு பொட்டலம் உனக்கு வரும். உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். மட்டம் என்றால் மட்டம் என்று எழுது. நான் திட்டுவேன், என் குணம் உனக்குத் தெரியும். திட்டினாலும் எழுது. முதல் பொட்டலம் அடுத்த மாதம் வருகிறது.

கொழுந்தனுக்கு என் நன்றியைச் சொல்.

பெரியவள்


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சௌக்கியம். இரண்டாம் பரிசுக் கடிதத்தை உங்கள் கொழுந்தன் ரிப்பேருக்குப் போகும் கட்டிடங்களில் எல்லாம் வாசித்துக் காட்டுகிறார். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் வேறு வழியில்லாமல் கேட்கிறார்கள். தாலாட்டு வரியை நான் வீட்டிலும் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்கிறேன்.

முதல் பொட்டலம் வந்தது. பிரித்த உடனே முகர்ந்தேன். கசக்கியும் பார்த்தேன், மூடி வைத்தும் பார்த்தேன்.

வாசம் பாதிதான் இருக்கிறது. எலுமிச்சை முன்னால் வந்து நிற்கவில்லை, ஆரஞ்சு அறவே இல்லை, வைக்கோல் நெடி ஒன்று சேர்ந்திருக்கிறது. பரிசு வாங்கிய ஜோரில் வெட்டாமல் விட்டு, பூ வந்த பிறகு பறித்திருக்கிறீர்கள். உலர்த்தியதும் சரியில்லை, வெயில் பட்டிருக்கிறது. தரையிலிருந்து நாலு விரல் விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள், புதுத் துளிர் வந்ததும் அனுப்புங்கள். இந்த இலையை நான் கூடத்தில் யாருக்கும் கொடுக்கவில்லை.

"பரிசு வாங்கினவங்களுக்கே இப்படி எழுதுறியா?" என்று பக்கத்து மெஷின்காரி எட்டிப் பார்த்துக் கேட்டாள். எனக்கு ஏற்பட்ட கர்வத்தை மறைக்க முடியவில்லை அக்கா. "என்னை நம்பி அனுப்புறாங்க" என்றேன்.

உங்கள் திட்டை எதிர்பார்த்து,
சின்னவள்